ரஷீதோவின் 24 ஆண்டுகள்: பருத்திக் கணக்கால் ஏறியவர், அதே கணக்கால் வீழ்ந்தவர்

கரிசல்71
ஷராஃப் ரஷீதோவ் பற்றித் தமிழில் பேச்சு வந்தாலே இரண்டே வரியில் முடித்துவிடுகிறார்கள். ஒன்று, "பருத்தி ஊழல் மன்னன்". இல்லாவிட்டால், "தாஷ்கண்டைக் கட்டிய தலைவர்". இரண்டிலும் எனக்கு நிறைவில்லை. 1959 மார்ச் முதல் 1983 அக்டோபர் 31 அன்று இறக்கும்வரை உஸ்பெகிஸ்தான் கம்யூனிஸ்ட் கட்சியின் முதல் செயலாளர். குருஷேவ், பிரெஷ்னேவ், ஆந்த்ரபோவ் என்று மாஸ்கோவில் மூவர் மாறினார்கள், இவர் நாற்காலி அசையவில்லை. 1961 முதல் சோவியத் அரசியல் தலைமைக் குழுவின் உறுப்பினராகவும் இருந்தார். இவருக்கு முன்பு அதே நாற்காலியில் 9 ஆண்டுகளில் மூன்று பேர் வந்து போனார்கள். இவர் மட்டும் எப்படி நிலைத்தார்? ஆட்சியின் உள்வேலையும் பருத்தித் தொழிலும் தெரிந்தவர்கள் விளக்கமாக எழுதுங்கள். குணம் நல்லதா கெட்டதா என்ற விவாதம் இங்கே வேண்டாம்.

பழைய_வானொலி
முதலில் ஒரு திருத்தம். அவர் அரசியல் தலைமைக் குழுவில் முழு உறுப்பினர் இல்லை, வாக்குரிமை இல்லாத மாற்று உறுப்பினர். 1961 முதல் சாகும்வரை 22 ஆண்டுகள் அதே படியில்தான் நின்றார். அண்டைக் குடியரசான கஜகஸ்தானின் குனாயேவ் 1971இல் முழு உறுப்பினர் ஆனார். தாஷ்கண்டுக்கு அந்த உயர்வு கிடைக்கவே இல்லை. இதைச் சிறிய விஷயமாக எண்ணாதீர்கள், பின்னால் இதற்கு வருவோம்.

இனி ஏறிய பாதை. 1917 நவம்பர் 6, ஜிஸாக்கில் ஓர் உழவர் குடும்பத்தில் பிறப்பு. ஆசிரியர் பயிற்சி, பிறகு சமர்கண்ட் பல்கலைக்கழகத்தில் மொழியியல். போரில் காயம்பட்டுத் திரும்பி, சமர்கண்ட் மாகாணப் பத்திரிகைக்கு ஆசிரியர். 1944இல் மாகாணக் கட்சிக் குழுவின் செயலாளர். 1947இல் குடியரசின் முதன்மை உஸ்பெக் நாளேட்டின் ஆசிரியர். 1949இல் எழுத்தாளர் சங்கத் தலைவர். 1950இல், 32 வயதில், உச்ச சோவியத் தலைமைக் குழுவின் தலைவர், அதாவது குடியரசின் பெயரளவுத் தலைவர்.

இந்த வரிசையில் எங்கேயும் தொழிற்சாலையோ பாசனத் துறையோ இல்லை, கவனித்தீர்களா? பேனா பிடித்தே மேலே வந்தவர். 1950க்குப் பிறகு முதல் செயலாளர் நாற்காலியில் நியாசோவ் ஐந்து ஆண்டு, முகிதினோவ் இரண்டு ஆண்டு, கமாலோவ் வெறும் 15 மாதம். முகிதினோவ் மாஸ்கோவுக்கு உயர்ந்து போனவர். மற்ற இருவரும் இறக்கப்பட்டவர்கள். ஃபெர்கானா, தாஷ்கண்ட், சமர்கண்ட் என்று வட்டாரக் குழுக்கள் ஒன்றையொன்று இழுத்துக்கொண்டிருந்த நேரத்தில், ஒன்பது ஆண்டு சடங்குப் பதவியில் இருந்து எவரோடும் பெரிய பகை சேர்க்காத ஒருவரை மாஸ்கோ எடுத்தது. இது என் கணிப்பு, ஆனால் நாற்காலி கிடைத்த விதத்துக்கு இதைவிடப் பொருந்தும் விளக்கம் எனக்குத் தென்படவில்லை.

பஞ்சுப்பேட்டை
கிடைத்த விதம் அது. நிலைத்த விதம் பருத்தி. அந்தக் கணக்கு எப்படி ஓடியது என்று அடியிலிருந்து எழுதுகிறேன். கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

சோவியத் நாட்டின் பருத்தியில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு உஸ்பெகிஸ்தானிலிருந்து போனது. அங்கே இலக்கும் அறிக்கையும் எப்போதும் விதைப்பருத்தி எடையில்தான், அதாவது கொட்டையோடு இருக்கும் பருத்தி. நம் ஊரில் கபாஸ் என்போமே, அது. அரைத்தால் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்றுக் குறைவாகத்தான் பஞ்சு கிடைக்கும், மீதியில் பெரும்பகுதி கொட்டை. பொய்க்கணக்கு முழுக்க இந்த இரண்டு எடைகளுக்கும் நடுவே உள்ள இடைவெளியில்தான் குடியிருந்தது.

வயலில் ஆரம்பிப்போம். மாவட்டக் கட்சிக் குழு தினமும் மாலையில் எண் கேட்கும். கூட்டுப்பண்ணைத் தலைவரிடம் இலக்குக்கு 300 டன் குறைகிறது என்று வையுங்கள். பருத்தி பறித்தவர் பட்டியலில் இல்லாத ஆட்களை ஏற்றுவார், ஆளுக்கு இத்தனை கிலோ என்று. அது வெறும் காகிதம். அதற்கு உயிர் வர வேண்டுமென்றால் கொள்முதல் நிலையத்தின் ரசீது வேண்டும். அங்கே எடை போடுகிறவர், தரம் பார்க்கிறவர், நிலையத் தலைவர் என மூன்று கை. 300 டன் வந்தது என்று ரசீது கிழித்துவிட்டால் அரசு வங்கி பண்ணையின் கணக்கில் பணம் போட்டுவிடும். இல்லாத பறிப்பாளர்களின் கூலி ரொக்கமாக வெளியே வரும். அதில் ஒரு பங்கு அப்படியே நிலையத் தலைவருக்குத் திரும்பும். லஞ்சப் பணத்துக்கு ஊற்று வேறெங்கும் தேட வேண்டாம். பொய்யான டன்னுக்கு அரசு கொடுத்த விலைதான் அந்தப் பொய்யைக் காப்பாற்றும் செலவுக்கும் போனது.

இப்போது தலைவலி நிலையத்துக்கு மாறுகிறது. கிட்டங்கியில் 300 டன் காகிதப் பருத்தி இருக்கிறது, அதைக் கரைத்தாக வேண்டும். வழிகள் பல. நேர்மையாகக் கொண்டுவரும் பண்ணையின் பருத்திக்கு ஈரப்பதமும் குப்பையும் கூட்டி எழுதி எடையைக் கழித்தால், உண்மையான சரக்கு கணக்குக்கு வெளியே மிஞ்சும், அதை ஓட்டையில் போடலாம். திறந்தவெளியில் தார்ப்பாய் போட்டு மூடிய பருத்திப் போர் ஈரத்தில் சூடேறிக் கெட்டது என்று தள்ளுபடி எழுதலாம். சில இடங்களில் போர் தீப்பிடித்து எரியும். எரிந்த சாம்பலை யார் எடை போடப் போகிறார்கள்?

மீதி ஓட்டை, பஞ்சையும் கொட்டையையும் பிரிக்கும் ஜின்னிங் ஆலைக்குப் போகும். ஆலையில் பஞ்சு விகிதத்தைக் குறைத்துக் காட்டுவது ஒரு வழி. கொட்டையில் ஒட்டியிருக்கும் குட்டை இழையையும் கழிவுப் பஞ்சையும் நல்ல பஞ்சோடு சேர்த்து பேல் (பஞ்சுப் பொதி) கட்டுவது இன்னொன்று. நான்காம் தரத்தை முதல் தரம் என்று முத்திரை குத்துவதும் உண்டு. இதெல்லாம் போதாதபோது ரயில் பெட்டியைப் பாதி காலியாகவோ முழுக்க காலியாகவோ ரஷ்யாவின் நூற்பாலைகளுக்கு அனுப்பிவிட்டு, அங்கே சரக்கு பெறுகிறவருக்குப் பணம் கொடுத்துக் கையெழுத்து வாங்கினார்கள். நூற்பாலை அதைத் தன் உற்பத்திக் கழிவில் எழுதிக்கொண்டது.

அளவைப் பாருங்கள். 1980களின் தொடக்கத்தில் அறிக்கையில் இருந்தது 60 லட்சம் டன். 1983ஆம் ஆண்டில் மட்டும் இல்லாத பருத்தி ஏறத்தாழ 10 லட்சம் டன் என்று விசாரணையாளர்கள் கணக்கிட்டார்கள். 32 விழுக்காடு பஞ்சு என்று வைத்தால் 3.2 லட்சம் டன் பஞ்சு இல்லை. பேலுக்கு 200 கிலோ என்றால் 16 லட்சம் பேல். இதை ஒரு பண்ணைத் தலைவரோ ஓர் ஆலை மேலாளரோ தனியாக மறைக்க முடியாது. பருத்தி சுத்திகரிப்பு அமைச்சகமே உள்ளே இருந்தால்தான் ஓடும். அமைச்சர் உஸ்மானோவ் 1986இல் மரண தண்டனை பெற்றார், தண்டனை நிறைவேற்றப்பட்டது.

கரிசல்71
பஞ்சுப்பேட்டை ஐயா, இவ்வளவு தெளிவாக எங்கேயும் படித்ததில்லை. ஒரு கேள்வி. முதல் ஆண்டு கொஞ்சம் கூட்டி எழுதிவிட்டு அடுத்த ஆண்டு நிறுத்தியிருக்கலாமே? ஏன் ஏறிக்கொண்டே போனது?

பஞ்சுப்பேட்டை
நிறுத்த முடியாது. திட்டக் குழுவின் வழக்கம், சென்ற ஆண்டு எட்டிய அளவின் மேல் அடுத்த இலக்கை வைப்பது. 300 டன் பொய்யோடு 3,000 டன் காட்டினீர்கள் என்றால் அடுத்த ஆண்டு இலக்கு 3,100. உண்மை விளைச்சல் அதே 2,700. இப்போது பொய் 400 ஆகிவிட்டது. ஒரே ஒரு ஆண்டு உண்மை எழுதினால் விளைச்சல் திடீரென்று சரிந்ததாகத் தெரியும், சரிவுக்குப் பொறுப்பேற்கும் மாவட்டச் செயலாளர் பதவி இழப்பார். மேலே போகப் போக இதே தர்க்கம்தான். மாகாணம், குடியரசு, ரஷீதோவ். 60 லட்சம் டன் தருவோம் என்று மேடையில் சொல்லிவிட்ட தலைவருக்கு 50 லட்சம் என்று திரும்பி வர வழியே இல்லை.

நடுநிலை_வாசகி
பருத்தி விளக்கம் அருமை. ஆனால் நிலைத்ததற்கு அது ஒன்றே காரணம் என்றால் ஏற்க மாட்டேன். துர்க்மேனியாவும் தஜிகிஸ்தானும்கூடப் பருத்தி கொடுத்தன. ரஷீதோவிடம் மாஸ்கோவுக்கு வேண்டிய இன்னொரு சரக்கு இருந்தது: ஆசியாவுக்கும் ஆப்பிரிக்காவுக்கும் காட்டக்கூடிய முகம்.

1955 கடைசியில் குருஷேவும் புல்கானினும் இந்தியா வந்தபோது அந்தக் குழுவில் ரஷீதோவ் இருந்தார், காஷ்மீர்வரை போனார்கள். 1958 அக்டோபரில் ஆசிய ஆப்பிரிக்க எழுத்தாளர் மாநாடு தாஷ்கண்டில். 1962 மே கடைசியில் கியூபாவுக்கு ஒரு "விவசாயக் குழு" போனது, பாசனத்துக்கு உதவ என்று வெளியே சொன்னார்கள். தலைவர் ரஷீதோவ். குழுவில் "பொறியாளர் பெத்ரோவ்" என்ற பெயரில் இருந்தவர் ஏவுகணைப் படைத் தளபதி மார்ஷல் பிரியூசோவ். ஏவுகணைகளை வைக்க காஸ்ட்ரோவின் சம்மதம் கேட்கப் போன பயணம் அது. பருத்தி விளையும் ஊரின் தலைவர் பாசனம் பேசப் போகிறார் என்றால் யாருக்குச் சந்தேகம் வரும்? அந்த வேலைக்குச் சரியான ஆள்.

1966 ஜனவரியில் சாஸ்திரியும் அயூப் கானும் தாஷ்கண்டில் பேசினார்கள். ஜனவரி 10 அன்று உடன்படிக்கை, அன்று நள்ளிரவு கடந்து சாஸ்திரி அங்கேயே காலமானார். தாஷ்கண்ட் என்ற பெயர் நம் ஊர்த் திண்ணைவரை வந்தது அப்படித்தான். அந்த மாநாட்டுக்கு மாஸ்கோவை எடுக்காமல் தாஷ்கண்டை எடுத்தது தற்செயல் இல்லை. முஸ்லிம் மக்கள் வாழும், நவீனமாகத் தெரியும் ஓர் ஆசிய நகரம் வேண்டும். அதைத் தருவது ரஷீதோவின் வேலை.

மூன்றே மாதத்தில் அந்த நகரமே விழுந்தது. 1966 ஏப்ரல் 26, காலை 5:23, நிலநடுக்கம். அளவு 5 சொச்சம்தான், ஆனால் மையம் நகரின் அடியிலேயே, சில கிலோமீட்டர் ஆழத்தில். அதிர்ச்சி கீழிருந்து மேலாக வந்தது. பச்சைச் செங்கல் வீடுகள் பிளந்தாலும் பக்கவாட்டில் சரிந்து ஆட்களை மூடியது குறைவு. அதனால் அதிகாரபூர்வ இறப்புக் கணக்கு மிகச் சிறியது, வீடிழந்தவர்களோ சுமார் 3 லட்சம். பிரெஷ்னேவும் கோசிகினும் உடனே பறந்து வந்தார்கள். ஒவ்வொரு குடியரசும் தன் ஆட்களையும் தளவாடத்தையும் அனுப்பித் தனித்தனிக் குடியிருப்புகளைக் கட்டியது. மற்றொரு தலைவருக்கு ஐந்து ஐந்தாண்டுத் திட்டங்களில் கிடைக்காத கட்டுமானம் ரஷீதோவுக்கு நான்கைந்து ஆண்டில் கிடைத்தது. 1977 நவம்பரில் மெட்ரோ திறந்தது, மத்திய ஆசியாவில் முதலாவது. நிலநடுக்கத்தைத் தாங்கும்படி கட்டியது. இதையெல்லாம் தள்ளிவிட்டு "பருத்தி" என்று மட்டும் சொல்வது சரியில்லை.

பழைய_வானொலி
இரண்டும் சேர்ந்ததுதான். மூன்றாவதாக ஒன்றும் உண்டு: இரண்டாம் செயலாளர். குடியரசின் முதல் செயலாளர் உள்ளூர்க்காரர், இரண்டாம் செயலாளர் மாஸ்கோ அனுப்பும் ரஷ்யர். பணியாளர் நியமனக் கோப்புகள் அவர் மேசை வழியாகப் போக வேண்டும். உஸ்பெகிஸ்தானில் இதன் சரித்திரம் சுவையானது. 1962இல் குருஷேவ் நான்கு குடியரசுகளுக்கு மேலே மத்திய ஆசியச் செயலகம் என்று ஒன்றை உட்கார வைத்தார், தலைவர் லொமொனோசோவ். ரஷீதோவுக்கு மேலே ஒரு மேலாளர் என்று பொருள். 1964 அக்டோபரில் குருஷேவ் விழுந்தார், அந்தச் செயலகமும் கலைந்தது. அதே லொமொனோசோவ் 1965இல் ரஷீதோவின் இரண்டாம் செயலாளராக வந்து 1976வரை இருந்தார். மேலே இருந்தவர் கீழே வந்தாலும் கண் அதே கண்தான்.

பிரெஷ்னேவ் காலத்தின் எழுதாத ஒப்பந்தம் எளிது. எண்ணிக்கை வரட்டும், தெருவில் கலவரம் வேண்டாம், மற்றது உங்கள் வீட்டு விவகாரம். 1969 மேயில் தாஷ்கண்டின் பக்தகோர் மைதானத்தில் உஸ்பெக்கியருக்கும் ரஷ்யருக்கும் மோதல் வெடித்தபோது அந்த இரண்டாவது நிபந்தனை ஆடியது. அதே காலத்தில் உள்ளேயும் போட்டி. உச்ச சோவியத் தலைமைக் குழுவின் தலைவி நஸ்ருதினோவாவுக்கும் ரஷீதோவுக்கும் ஒத்துப்போகவில்லை. 1970இல் நஸ்ருதினோவா மாஸ்கோவில் தேசிய இனங்களின் அவைத் தலைவராக உயர்த்தி அனுப்பப்பட்டார், அடுத்த ஆண்டே அமைச்சரவைத் தலைவர் குர்பானோவும் போனார். அதன் பிறகு தாஷ்கண்டில் எதிர்த்து நிற்க ஆளில்லை. 1973 டிசம்பரில் பிறந்த ஊரான ஜிஸாக்கைத் தனி மாகாணம் ஆக்கினார். கையில் எவ்வளவு வலு சேர்ந்துவிட்டது என்பதற்கு அதுவே அடையாளம்.

ஆனாலும் அரசியல் தலைமைக் குழுவில் மாற்று உறுப்பினர்தான். லெனின் விருது 10 முறை, சோஷலிச உழைப்பு வீரர் பட்டம் இரண்டு முறை, 1980இல் லெனின் பரிசு. மார்பில் இடமில்லாத அளவுக்குப் பதக்கம் கொடுத்தார்கள், வாக்கு மட்டும் கொடுக்கவில்லை.

வண்டல்மண்
எண்ணிக்கை ஏன் பொய்யாக வேண்டியிருந்தது என்பதை யாரும் மண்ணிலிருந்து சொல்லவில்லை. உண்மையான விளைச்சலுக்கு உச்சவரம்பு ஒன்று இருந்தது.

பழைய முறையில் பருத்திக்குப் பிறகு குதிரைமசால் போட வேண்டும். அது மண்ணில் நைட்ரஜன் சேர்க்கும், மண்ணின் உப்பையும் நோயையும் அடக்கும். இலக்கு ஏறியதும் குதிரைமசால் நிலத்தையும் பருத்திக்கே திருப்பினார்கள். விளைவு வாடல் நோய். வெர்டிசிலியம் பூஞ்சாணம் மண்ணில் ஆண்டுக்கணக்கில் தங்கும். செடியின் நீர்க்குழாயை அடைக்கும். தண்டைக் குறுக்கே வெட்டினால் உள்ளே பழுப்பு வளையம் தெரியும், காய் பிடிக்கும் நேரத்தில் இலை மஞ்சளாகி உதிரும். அன்று எங்கும் பயிரான 108-எஃப் ரகம் இதற்குத் தாங்கவில்லை. மிர்அக்மெதோவ் உருவாக்கிய தாஷ்கண்ட்-1 ரகம் வந்துதான் 1970களில் பல மாவட்டங்கள் மூச்சுவிட்டன. ஆனால் பயிர்ச் சுழற்சி திரும்ப வரவில்லை. அதனால் பூஞ்சாணமும் புதிய ரகத்துக்குப் பழகிவிட்டது.

அடுத்தது தண்ணீர். பசித்த ஸ்டெப்பி, கார்ஷி ஸ்டெப்பி என்ற வறண்ட புல்வெளிகளில் புது நிலம் திறந்தார்கள். சிமெண்ட் பூசாத வாய்க்காலில் தண்ணீர் வழியிலேயே ஊறிப்போகும், நிலத்தடி நீர் மேலே வரும், கூடவே உப்பும் வரும். குளிர்காலத்தில் வயலை மூழ்கடித்து உப்பைக் கழுவ வேண்டும், அதற்கும் தண்ணீர். கழுவிய உப்புநீர் வடிகால் வழியே ஆற்றுக்கோ பள்ளத்துக்கோ போகும், கீழே இருப்பவன் அதையே பாய்ச்சுவான். ஆரல் கடலின் மட்டம் 1960இல் சுமார் 53 மீட்டர், 1985 வாக்கில் சுமார் 42. இதை ரஷீதோவ் தலையில் மட்டும் கட்டுவது தவறு, துர்க்மேனியாவின் காரகும் கால்வாய் 1950களிலேயே அமு தாரியா ஆற்றை உறிஞ்சத் தொடங்கிவிட்டது. ஆனால் மறுத்துப் பேசும் இடத்தில் இருந்தவர் அவர், பேசவில்லை.

அறுவடையையும் சொல்ல வேண்டும். இயந்திரம் பறிக்க இலை உதிர வேண்டும். விமானத்திலிருந்து பூட்டிஃபாஸ் என்ற இலையுதிர்ப்பு மருந்தைத் தெளித்தார்கள், கிராமத்தின் மேலேயே. 1987இல்தான் அதற்குத் தடை வந்தது. செப்டம்பரிலிருந்து பள்ளி, கல்லூரி எல்லாம் வயலில். கையால் பறித்த பருத்தியை இயந்திரத்தின் தொட்டியில் கொட்டி "இயந்திரப் பறிப்பு" என்று எழுதியதும் நடந்தது, ஏனென்றால் இயந்திரத்துக்கும் தனி இலக்கு. குழந்தைகளின் உழைப்பு அறிக்கையில் இயந்திரத்தின் பெயரில் ஏறியது. இந்தக் கதையில் என்னை மிகவும் வருத்துவது இதுதான்.

நடுநிலை_வாசகி
வண்டல்மண் சொல்வதில் எனக்கு மறுப்பில்லை. வீழ்ச்சிக்கு வருவோமா? "ஆந்த்ரபோவ் வந்தார், ஊழலைக் கண்டுபிடித்தார்" என்ற கதை மிக எளிமையாகிவிடுகிறது. மாஸ்கோவுக்கு முன்பே தெரியாது என்று யாரும் நம்ப முடியுமா?

பழைய_வானொலி
தெரிந்தவர்கள் இருந்தார்கள், ஆனால் பிரெஷ்னேவ் இருந்தவரை கோப்பு நகரவில்லை. 1982 மார்ச்சில் அவர் கடைசியாக தாஷ்கண்ட் வந்தார். விமானத் தொழிற்சாலையில், அவர் கீழே நடக்க, பார்க்க ஏறிய கூட்டத்தின் பாரம் தாங்காமல் மேல்நடைபாலம் உடைந்து விழுந்தது. கழுத்தெலும்பு முறிவு. அந்த வலியோடு அடுத்த நாள் மேடையேறிப் பேசிவிட்டுத்தான் போனார். நவம்பர் 10 அன்று இறந்தார். ரஷீதோவின் குடை போனது.

1983 ஏப்ரலில் புகாரா மாகாணத்தில் பொருளாதாரக் குற்றப் பிரிவுத் தலைவர் லஞ்சம் வாங்கும்போது பிடிபட்டார். அங்கிருந்து நூல் மாகாணக் கட்சிச் செயலாளர்வரை போனது. ரஷீதோவ் அக்டோபர் 31 அன்று இறந்தார். மாரடைப்பு என்று அறிவிப்பு, தற்கொலை என்று ஊர்ப்பேச்சு. அரசு மரியாதையோடு தாஷ்கண்டின் நடுவில் அடக்கம் செய்தார்கள்.

1984 ஜூனில் உஸ்பெகிஸ்தான் கட்சி மத்தியக் குழுவின் 16ஆம் கூட்டம். மாஸ்கோவிலிருந்து சோவியத் கட்சியின் செயலாளர்களில் ஒருவரான லிகச்சோவ் வந்து உட்கார்ந்தார். நேற்றுவரை புகழ்ந்தவர்கள் அதே மேடையில் வரிசையாகத் தாக்கினார்கள். பிறகு சவப்பெட்டியே மைய இடத்திலிருந்து அகற்றப்பட்டது. தாக்கிய கூட்டத்துக்குத் தலைமை தாங்கிய அடுத்த முதல் செயலாளர் உஸ்மான்கோஜாயேவ் 1988இல் அதே வழக்கில் கைதானார். பிரெஷ்னேவின் மருமகன் சுர்பானோவுக்கு அதே ஆண்டில் 12 ஆண்டு சிறை.

விசாரித்த க்த்லியானும் இவானோவும் 1989இல் மக்கள் பிரதிநிதிகளாகத் தேர்வானார்கள், அவ்வளவு செல்வாக்கு. அதே ஆண்டில் அவர்கள் மேலேயே விசாரணை: உறவினரைப் பிடித்து வைத்து வாக்குமூலம் வாங்கினார்கள், நீண்ட காலம் விசாரணைக் காவலில் வைத்தார்கள் என்று. கீழ்மட்டத்தில் எழுதச் சொன்னதை எழுதிய எத்தனையோ கணக்கர்களும் பண்ணைத் தலைவர்களும் உள்ளே போனார்கள். உள்ளூர் அதிகாரிகளை எடுத்துவிட்டு ரஷ்யாவிலிருந்து ஆட்களை இறக்கினார்கள். "உஸ்பெக் வழக்கு" என்று பெயர் சூட்டியதே உஸ்பெக்கியருக்கு அவமானமாகப் பட்டது. அதனால்தான் 1992இல் ரஷீதோவின் 75ஆம் பிறந்த நாளை, விடுதலை பெற்ற உஸ்பெகிஸ்தானின் புதிய அரசு கொண்டாட முடிந்தது. இன்று ஜிஸாக் அருகே ஒரு மாவட்டமே அவர் பெயரில் இருக்கிறது.

நடுநிலை_வாசகி
அப்படியானால் அவர் பலிகடா என்கிறீர்களா?

பழைய_வானொலி
இல்லை. 24 ஆண்டு இலக்கை ஏற்றுக்கொண்டே போனவர், அமைச்சரையும் மாகாணச் செயலாளரையும் நியமித்தவர். பொறுப்பு அவருடையது. ஆனால் இலக்கைக் கேட்டவர்கள் ஒருவரும் கூண்டில் ஏறவில்லை. என் ஆதங்கம் அவ்வளவுதான்.

கரிசல்71
ஒரே ஒரு சந்தேகம் மிச்சம். காலிப் பெட்டி போனபோது ரஷ்யாவில் இருந்த நூற்பாலைகள் எல்லாமே லஞ்சம் வாங்கியா சும்மா இருந்தன? ஓர் ஆலைகூட முறையிடவில்லையா?

பஞ்சுப்பேட்டை
லஞ்சம் பாதிதான் விளக்கும். ஆலைக்கும் மாத இலக்கு உண்டு, அது மீட்டர் துணியில். பெட்டியில் சரக்கு குறைவு என்று எழுதினால் வழக்காடும் காலம் முழுக்க அந்தப் பஞ்சு கணக்கில் வராது, மாற்றுச் சரக்கும் வராது, ஏனென்றால் எந்த ஆலைக்கு எங்கிருந்து பஞ்சு என்று ஒதுக்குவது மாஸ்கோ. ஆலையே போய் வேறு இடத்தில் வாங்க முடியாது. தறி நிற்கும், ஊக்கத்தொகை போகும். பெற்றுக்கொண்டேன் என்று கையெழுத்திட்டு, குறைந்ததைக் கழிவில் எழுதி, இருக்கும் பஞ்சை மெல்லிசாக நூற்றுத் துணியின் நெருக்கத்தைக் குறைத்தால் மீட்டர் கணக்கு சரியாகிவிடும். அப்படித்தான் இல்லாத பருத்தி கடைசியில் கடையில் இருக்கும் துணியில் போய் மறைந்தது.

கரிசல்71
நன்றி ஐயா. முதல் பதிவில் "அரசியல் தலைமைக் குழுவின் உறுப்பினர்" என்று நான் எழுதியதை "மாற்று உறுப்பினர்" என்று மாற்றிப் படித்துக்கொள்ளுங்கள், இனி என்னால் அங்கே திருத்த முடியவில்லை. குனாயேவையும் 1986 டிசம்பர் அல்மாட்டி நிகழ்வுகளையும் பற்றித் தனி இழை தொடங்குகிறேன். வண்டல்மண் அங்கே கன்னிநிலத் திட்டத்தின் கோதுமைக் கணக்கை எழுத வேண்டும்.